காரணம் மூன்று

கொரடாச்சேரிக்குத் தெற்கே, வாய்க்கால் கரையில்
தகரக் கொட்டகை.
நேரடி நெல் கொள்முதல் நிலையம் என்ற பலகையில்
'நேரடி' மட்டும் போன மழையில் உரிந்துவிட்டது.

நான் இங்கே பருவகாலப் பட்டியல் எழுத்தர்.
குறுவைக்கு இரண்டு மாதம், சம்பாவுக்கு மூன்று.
பன்னிரண்டாம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்த
மடிக்கணினிதான் இன்னும் ஓடுகிறது, லினக்ஸில்.
கீல் உடைந்த இடத்தில்
கோணி தைக்கிற சணல்.

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வைஃபை விழுகிறது.
விழுந்தது தெரியாது.
மூலையில் அந்த விசிறிப் படம்
முழுசாக விரிந்தேதான் இருக்கும்.
உள்ளே ஒன்றும் வராது.
தண்ணீர் விட்டாச்சு என்று செய்தி வந்த பிறகும்
கடைமடையில் வாய்க்கால் காய்ந்து கிடக்குமே,
அப்படி.

களத்தில் தையல்நாயகியின் நெல்,
நாற்பத்திரண்டு சிப்பம் தேறும்.
ஈரப்பதம் பதினாறு புள்ளி எட்டு.
பதினேழைத் தாண்டினால் நான் எடுக்கக் கூடாது.
மேற்கே கறுத்து வருவதை அவர் பார்க்கவில்லை.
என் திரையைப் பார்க்கிறார்.

முதலில் ரவுட்டரைக் குற்றம் சொன்னேன்.
அப்புறம் தூரத்தை. மேசையை நகர்த்தினோம்,
தராசு குறுக்கே வந்தது.
அப்புறம் டவரை, சாக்குத் தூசியை,
அப்புறம் இந்த உத்தியோகத்தை.
கடைசியில்தான் கறுப்புத் திரையைத் திறந்து
கெர்னலிடமே கேட்டேன்.

டிரைவரைக் கழற்றினேன். மாட்டினேன்.
ஆறு நிமிடம் ஓடியது.
"டிரைவரா? யாரு, லாரிக்காரனா?"
பக்கிரிசாமி, தோளில் மூட்டையோடு.
"இல்லண்ணே. சிப்புக்கும் கம்ப்யூட்டருக்கும்
நடுவுல நின்னு பேசறது."
"தரகுன்னு சொல்லு."

பதிவை உருட்டினேன்.
ஒரே வரி, ஆங்கிலத்தில், சலிக்காமல் திரும்பத் திரும்ப:
உள்ளூர் விருப்பத்தின்படி விலகல். காரணம் மூன்று.
போனில் மிச்சமிருந்த டேட்டாவில் பொருள் தேடினேன்.
மூன்று என்றால், கிளம்புகிறேன்.
அவ்வளவுதான்.
சத்தமாக வாசித்துக் காட்டினேன்.
தையல்நாயகி அன்றைக்கு முதல்முறை சிரித்தார்.
"எங்க வீட்டுக்காரரு இதக்கூடச் சொல்லலியே."

யாரும் அதைத் துரத்தவில்லை.
சிக்னல் இருக்கிறது, போதுமான அளவு.
இரண்டு மூட்டைக்கு நடுவே
நான் எதுவும் அனுப்பாத அந்தச் சின்ன இடைவெளியில்
வேலை இல்லை என்று அதுவே முடிவு கட்டி
மின்சாரம் மிச்சம் பிடிக்கக் கண்ணை மூடுகிறது.
எழுந்திரிக்கத்தான் தெரியவில்லை.

கோபம் போய்விட்டது எனக்கு, ஒரு கணம்.
அடுத்த பருவத்துக்குக் கூப்பிட்டால் வா
என்றுதானே எனக்கும் உத்தரவு.

ஒரு கோப்பு. அதில் ஒரு வரி. வரிக் கடைசியில் ஓர் எண்.
அங்கேயும் மூன்று.
மூன்று இருந்தால் தூங்கலாம், இரண்டு இருந்தால் கூடாது.
யார் வகுத்த கணக்கோ.
அழித்து இரண்டு போட்டேன்.
தகரத்தில் முதல் துளி விழுந்தது.

தூற்றினார்கள், அள்ளினார்கள், நிறுத்தார்கள், தைத்தார்கள்.
பக்கிரிசாமி எண்களைக் கத்தினார்.
நான் தட்டத் தட்ட
ஒன்றுகூட விழாமல் போய்ச் சேர்ந்தது,
முப்பத்தொன்று வரை.
அதற்குள் மழை சாய்ந்து அடித்தது.

மிச்ச நெல் தார்ப்பாய்க்கு அடியில்,
நனைந்தது பாதி, நனையாதது பாதி.
ஒரு பிடி எடுத்து மீட்டரில் போட்டேன்.
பதினெட்டு புள்ளி ஒன்று.
எண்ணைச் சொல்லாமல் மீட்டரைத் திருப்பிக் காட்டினேன்.
முந்தானையால் போனைத் துடைத்து
முப்பத்தொரு சிப்பத்துக்கான குறுஞ்செய்தியைப் பார்த்தார்.
மறுபடியும் பார்த்தார்.
"மிச்சத்தக் காயவச்சுத் தரேன், வெயில் வரட்டும்.
அது முழிச்சிருக்குமா?"
"இருக்கும்."

மூன்று மணி நேரம் தாங்கிய பேட்டரி
இனி இரண்டுதான் தாங்கும்.
அதை அவரிடம் சொல்லவில்லை.

கரண்ட் போனது.
திரை வெளிச்சத்தை எடுத்துக்கொண்டு போய்
பக்கிரிசாமி
ஊசி விழுந்த இடத்தைத் தேடினார்.